காக்கையையும் கணக்கில் சேருங்கள்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவனைக் கண்டதும் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “பொழுது எப்படி சார் போகிறது?” நான், “பறவைகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்” என்று சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள், சிலர் அனுதாபத்தோடு பார்க்கிறார்கள். நம் சங்கத்து நண்பர் ஒருவர், “முப்பத்தைந்து வருஷம் தண்டவாளத்தில் ஸ்லீப்பர் கட்டையை எண்ணியவர், அந்தப் பழக்கம் எங்கே போகும்?” என்றார். அவர் கேலியாகத்தான் சொன்னார். ஆனால் அதில் பாதி உண்மை இருக்கிறது. டிப்ளமா முடித்து வட ரயில்வேயில் இருப்புப் பாதைப் பிரிவில் சேர்ந்த நாள் முதல் நான் கற்றுக்கொண்ட ஒரே பெரிய பாடம், பார்த்ததைப் பார்த்தபடி, பார்த்த அன்றே எழுதி வைக்க வேண்டும் என்பதுதான். பறவை எண்ணும் வேலைக்கும் அதற்கு மேல் படிப்பு எதுவும் தேவையில்லை.

இந்த எண்ணும் வேலை என்ன, எப்படிச் செய்வது, அதனால் யாருக்கு என்ன பிரயோசனம் என்பதை நம் குடும்பங்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

கீமேன் நடந்த நடை

இருப்புப் பாதையில் கீமேன் என்று ஒருவர் உண்டு. சுத்தியலும் ஸ்பானருமாக, தன் பொறுப்பில் உள்ள பாதை முழுவதையும் தினம் ஒரு முறை நடந்தே பார்த்து வருவார். போல்ட் தளர்ந்திருக்கிறதா, சாவி கழன்றிருக்கிறதா, தண்டவாளத்தில் விரிசல் உண்டா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. பெரும்பாலான நாட்களில் அவர் கொண்டுவரும் செய்தி “எல்லாம் சரி” என்பதாகவே இருக்கும். அதற்காக அவர் நடந்தது வீண் என்று எந்த அதிகாரியும் சொன்னதில்லை. நேற்று சரியாக இருந்தது என்பது உறுதியாகத் தெரிந்தால்தான், இன்று கண்ட விரிசல் நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் விழுந்தது என்று சொல்ல முடியும்.

1980-களில் மீரட், சகாரன்பூர் பக்கம் டிராலியில் போகும்போது, ரயிலில் அடிபட்ட மாட்டைச் சுற்றிக் கழுகுகள் கூட்டமாக உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது சர்வசாதாரணம். டிராலியை நிறுத்திக் கை தட்டினாலும் சாவகாசமாகத்தான் நகரும். அந்தக் கழுகுகள் எத்தனை? யாரிடமும் கணக்கு இல்லை. மாடு அடிபட்ட கிலோமீட்டர், நேரம், ரயில் நம்பர் எல்லாம் எழுதுவோம். கழுகுக்கு எந்தப் படிவத்திலும் பத்தி கிடையாது. எங்கும் நிறைந்திருப்பதை யார் எண்ணப் போகிறார்கள்?

இதில்தான் விஷயமே இருக்கிறது. அரிதான பொருளை எல்லோரும் கணக்கு வைப்பார்கள். சாதாரணமாகக் கிடைப்பதை ஒருவரும் கணக்கு வைப்பதில்லை. அது குறையத் தொடங்கும்போது, “முன்பெல்லாம் நிறைய இருந்ததே” என்ற பேச்சு மட்டும் மிஞ்சும். எவ்வளவு இருந்தது, எப்போது குறைந்தது, எங்கே குறைந்தது என்று கேட்டால் பதில் இருக்காது.

தில்லியில் ஒருவர் எண்ணி வைத்தார்

நல்லவேளையாக ஓரிருவர் எண்ணியிருந்தார்கள். கலூஷின் என்ற சோவியத் பறவை ஆய்வாளர் 1960-களின் பிற்பகுதியில் தில்லியில் இருந்தபோது, நகரின் சுமார் 150 சதுர கிலோமீட்டர் பரப்பில் பருந்து, கழுகுகளின் கூடுகளைக் கணக்கெடுத்து 1971-இல் கட்டுரையாக வெளியிட்டார். கரும்பருந்து சுமார் 2,400 ஜோடி, வெண்முதுகுக் கழுகு சுமார் 400 ஜோடி என்பது அவர் கணக்கு. நானூறு ஜோடிக் கழுகு, காட்டில் அல்ல, தலைநகரின் சாலையோர மரங்களில்!

பல வருஷங்கள் கழித்து வேறு ஆய்வாளர்கள் தில்லியின் பருந்துகளை மறுபடி எண்ணினார்கள். சதுர கிலோமீட்டருக்கு இத்தனை கூடு என்று பார்த்தால் ஏறக்குறைய கலூஷின் கண்ட அளவிலேயே இருந்தது. ஆனால் வெண்முதுகுக் கழுகு இன்று தில்லி நகர மரங்களில் கூடு கட்டுவதில்லை. ஒரே நகரம், ஒரே குப்பை மேடு, ஒரே மரங்கள். ஒன்று நிலைத்தது, ஒன்று மறைந்தது. இப்படி ஒப்பிட்டுச் சொல்ல முடிவதற்குக் காரணம் ஒருவர் உட்கார்ந்து எண்ணி, எழுதி, தேதி போட்டு வைத்ததுதான்.

கழுகுக்கு என்ன ஆயிற்று என்பது வாசகர்களில் பலருக்குத் தெரிந்திருக்கலாம். ராஜஸ்தானில் பரத்பூர் சரணாலயத்தில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் 1980-களின் நடுவிலேயே கழுகுகளை எண்ணி வைத்திருந்தார். 1990-களின் பிற்பகுதியில் மீண்டும் எண்ணியபோது எண்ணிக்கை அதலபாதாளத்துக்குப் போயிருந்தது. 1990-களின் தொடக்கத்தில் நாட்டின் பல பகுதிகளில் சாலை வழியே வண்டியில் போய் எண்ணிய கணக்குகளும் இருந்தன. அதே சாலைகளில் மறுபடி போய் எண்ணினார்கள். 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுக் கழுகு 99.9 சதவீதம் குறைந்துவிட்டது என்று தெரிந்தது. ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று!

மாடுகளுக்கு வலி நிவாரணியாகக் கொடுத்த டைக்ளோஃபினாக் மருந்து, செத்த மாட்டின் உடல் வழியாகக் கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்பதை 2004-இல் வெளியான ஆய்வு காட்டியது. 2006-இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தது. அதே போன்ற தீங்கு செய்யும் கீட்டோப்ரோஃபன், அசிக்ளோஃபினாக் மருந்துகளுக்கு 2023-இல் தடை வந்தது. “கழுகு போனால் நமக்கென்ன?” என்று கேட்பவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. ஈயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், கழுகுகள் மறைந்து சடலங்கள் அழுகிக் கிடந்ததால் 2000 முதல் 2005 வரை இந்தியாவில் சுமார் 5 லட்சம் மனித உயிர்கள் கூடுதலாகப் போயிருக்கலாம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

முந்தைய கணக்கு இல்லாமல் இருந்திருந்தால் குறைந்ததைக் கண்டுபிடிக்கவே இன்னும் எத்தனை வருஷம் ஆகியிருக்குமோ!

யார் எண்ணுவது?

இந்தியாவில் 1,300-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் உண்டு. இத்தனை பெரிய தேசத்தில், ஒவ்வொரு ஊரிலும், ஒவ்வொரு மாதமும் எண்ணுவதற்கு விஞ்ஞானிகள் எத்தனை பேர் வேண்டும்? எந்த அரசாலும் அத்தனை பேரைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே சாதாரண மக்களே எண்ணிக் கொடுக்கும் முறை வந்தது. மக்கள் அறிவியல் என்று இதைச் சொல்கிறார்கள்.

அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் தினத்தன்று அணி பிரித்துக்கொண்டு, யார் அதிகம் பறவை சுடுவது என்று போட்டி நடக்கும் வழக்கம் இருந்தது. 1900-ஆம் ஆண்டு ஃபிராங்க் சாப்மன் என்பவர், “சுட வேண்டாம், எண்ணலாம்” என்றார். அந்த முதல் வருஷம் எண்ணியவர்கள் மொத்தமே 27 பேர். அந்தக் கணக்கெடுப்பு இன்றும் தொடர்கிறது.

நம் நாட்டில் நீர்ப்பறவைகளுக்கென்று ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987-இல் தொடங்கியது. பிப்ரவரி நடுவில் வெள்ளி முதல் திங்கள் வரை நான்கு நாள் நடக்கும் உலகப் பறவைக் கணக்கெடுப்பு 1998-இல் அமெரிக்காவில் தொடங்கி, 2013 முதல் உலகெங்கும் நடக்கிறது. வீட்டுக் கொல்லையில், மாடியில், பூங்காவில், எங்கிருந்தும் இதில் கலந்துகொள்ளலாம். இந்தியர்கள் இதில் சளைத்தவர்கள் அல்லர். அண்மை ஆண்டுகளில் அந்த நான்கே நாளில் 1,000-க்கும் மேற்பட்ட இனங்களைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

கேரளத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் 2015 முதல் 2020 வரை மாநிலம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து நடந்து எண்ணி, ஒரு பறவை வரைபடத் தொகுப்பையே உருவாக்கிவிட்டார்கள். நம் தமிழ்நாட்டிலும் 2015 முதல் பொங்கலை ஒட்டிய நான்கு நாட்களில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போகும் நம் குடும்பங்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

எண்ணுவது எப்படி?

தேவையானவை: ஒரு நோட்டுப் புத்தகம், பென்சில், கைக்கடிகாரம். பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் தொடங்கலாம்.

முதலில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். குடியிருப்புப் பூங்கா, மொட்டை மாடி, பால்கனி எதுவானாலும் சரி. காலை வேளை நல்லது. தில்லிக் குளிரில் பனிமூட்டம் இருந்தால் சற்று விலகும் வரை பொறுத்திருங்கள். தொடங்கும் நேரத்தை எழுதுங்கள். குறைந்தது 15 நிமிடம் இருங்கள். அந்த நேரத்தில் கண்ணில் பட்ட, காதில் விழுந்த, உங்களால் இனம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும் எண்ணிக்கையோடு எழுதுங்கள். முடித்த நேரம், எத்தனை பேர் பார்த்தீர்கள், நடந்தீர்களானால் எவ்வளவு தூரம் என்பதையும் குறியுங்கள். அவ்வளவுதான்.

பிப்ரவரி ஞாயிறு காலை, மயூர் விஹார் போன்ற ஒரு குடியிருப்பின் பூங்காவில் 20 நிமிடம் நின்றால் கிடைக்கக்கூடிய பட்டியல் ஒன்றை மாதிரிக்காகத் தருகிறேன்: மாடப்புறா 32, காக்கை 14, மைனா 9, காட்டுச் சிலம்பன் 7, பச்சைக்கிளி 6, பருந்து 5, செங்குதச் சின்னான் 2, வெள்ளை வாலாட்டி 1, தையல்சிட்டு 1 (குரல் மட்டும்), குக்குறுவான் 1 (குரல் மட்டும்). பத்து இனம். இதில் ஒன்றுகூட அபூர்வமான பறவை இல்லை. ஆனாலும் இது முதல் தரமான பட்டியல்.

எண்ணுவதில் சில சந்தேகங்கள் எல்லோருக்கும் வரும். ஒரே கிளிக் கூட்டம் போவதும் வருவதுமாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் கூட்ட வேண்டாம். ஒரே நேரத்தில் அதிகபட்சமாக எத்தனை கண்டீர்களோ அதை எழுதுங்கள். புறாக் கூட்டம் ஒரேயடியாக எழும்பிவிட்டால் முதலில் பத்து புறாவை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணால் பிடித்துக்கொண்டு, கூட்டம் முழுவதையும் பத்துப் பத்தாக அளந்துவிடுங்கள். ஜல்லிக் குவியலைப் பார்த்தே எத்தனை கன மீட்டர் என்று மதிப்பிடுவது போலத்தான் இது. பழகப் பழக வரும். பெயர் தெரியாத பறவையை ஊகித்து எழுதாதீர்கள். தெரியாததை விட்டுவிடுவதால் பட்டியல் கெட்டுப் போகாது. ஊகத்தால் கெட்டுப் போகும்.

எழுதியதை ஈபேர்ட் என்ற உலகப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். இது 2002-இல் தொடங்கியது, இலவசம். கைபேசிச் செயலியில் நேரமும் இடமும் தாமாகவே பதிவாகும். கைபேசி பிடிக்காத பெரியவர்கள் நோட்டில் எழுதிப் பேரப்பிள்ளையிடம் கொடுத்துவிடலாம். தேதியும் இடமும் தெளிவாக இருந்தால் பழைய நோட்டுப் புத்தகத்துப் பட்டியல்களையும் சேர்க்கலாம். வழக்கத்துக்கு மாறான பறவையையோ எண்ணிக்கையையோ எழுதினால், அந்தந்தப் பகுதியை அறிந்த தன்னார்வலர்கள் விவரம் கேட்பார்கள். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. பாலத்துக்குக் கான்கிரீட் போட்டாலும் சோதனைக் கட்டி எடுத்து உடைத்துப் பார்க்காமல் விடுகிறோமா?

“இல்லை” என்பதின் மதிப்பு

மேலே கொடுத்த பட்டியலில் சிட்டுக்குருவி இல்லை என்பதைக் கவனித்தீர்களா? கண்ட எல்லாவற்றையும் எழுதினேன் என்று நீங்கள் உறுதி கொடுத்தால், எழுதாத சிட்டுக்குருவி அன்று அங்கே உங்கள் கண்ணுக்கும் காதுக்கும் எட்டவில்லை என்று பொருள். அது ஒரு தகவல். மழைமானியில் மழை பெய்யாத நாளுக்குப் பூஜ்யம் என்று எழுதுகிறோமே, அது போல. காக்கை, புறாவை “இதைப் போய் எழுதுவானேன்” என்று விட்டுவிட்டு அழகான பறவைகளை மட்டும் எழுதினால், இல்லாததற்கும் எழுதாததற்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும். பிறகு அந்தப் பட்டியலை வைத்துப் பறவை கூடியதா குறைந்ததா என்று சொல்ல முடியாது.

ஒரு சிறு கணக்கு பாருங்கள். ஓர் ஊரில் ஒரு காலத்தில் 10 பட்டியல்கள். அவற்றில் 5-இல் சிட்டுக்குருவி உண்டு. பல வருஷம் கழித்து ஆர்வலர்கள் பெருகி 1,000 பட்டியல்கள் வருகின்றன. அவற்றில் 300-இல் சிட்டுக்குருவி உண்டு. “ஐந்து முந்நூறாகிவிட்டது, குருவி பெருகிவிட்டது” என்று சொல்லலாமா? கூடாது. பெருகியது குருவி அல்ல, எழுதுபவர்கள். முன்பு நூற்றுக்கு 50 பட்டியலில் இருந்தது, இப்போது நூற்றுக்கு 30-இல்தான் இருக்கிறது. குறைந்திருக்கிறது என்பதுதான் சரியான விடை. இந்த விகிதத்தைத்தான் ஆய்வாளர்கள் அடிப்படையாகக் கொள்கிறார்கள். நீளமான பட்டியல், குட்டிப் பட்டியல், இடம், பருவம் என்ற வேறுபாடுகளுக்குத் தக்கபடி திருத்தமும் செய்துகொள்கிறார்கள். இத்தனைக்கும் ஆதாரம், ஒளிவு மறைவில்லாத முழுப் பட்டியல்.

எண்ணியதால் என்ன தெரிந்தது?

இந்தியப் பறவைகளின் நிலை என்ற அறிக்கை 2020-இலும் 2023-இலும் வெளிவந்தது. இரண்டாவது அறிக்கைக்கு ஆதாரம் சுமார் 30,000 பேர் அனுப்பிய சுமார் 3 கோடிப் பதிவுகள். 942 இனங்களை ஆராய்ந்திருக்கிறார்கள். நீண்ட காலப் போக்கைக் கணிக்கப் போதிய தகவல் கிடைத்தது 338 இனங்களுக்கு. அவற்றில் 204 குறைந்திருக்கின்றன, 98 ஏறக்குறைய நிலையாக உள்ளன, 36 கூடியிருக்கின்றன.

கூடியவற்றில் மயிலும் குயிலும் மாடப்புறாவும் உண்டு. குறைந்தவற்றில் பனங்காடை உண்டு. டிராலியில் போகும்போது தந்திக் கம்பியில் உட்கார்ந்திருந்து, சிறகை விரித்ததும் நீலமாகப் பளிச்சிடுமே, அந்தப் பறவை. உலக அளவில் அதன் நிலையை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று அறிக்கை பரிந்துரைத்திருக்கிறது.

2012-இல் தில்லி அரசு மாநிலப் பறவையாக அறிவித்த சிட்டுக்குருவியின் கதை இன்னும் சுவாரசியமானது. “குருவி அழிந்துவிட்டது, செல்போன் கோபுரம்தான் காரணம்” என்று நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். 2020 அறிக்கை என்ன சொன்னது? நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது. தில்லி, மும்பை, சென்னை போன்ற பெருநகரங்களில் குறைந்திருக்கிறது. கோபுரத்தைக் குற்றம் சொல்லத் தக்க சான்று இல்லை. குஞ்சுக்கு ஊட்டப் பூச்சி கிடைக்காததும், கூடு வைக்க இடம் இல்லாததும் காரணங்களாக இருக்கக்கூடும். நோய் எங்கே என்று சரியாகத் தெரிந்தால்தானே மருந்து கொடுக்க முடியும்? வதந்தியை நம்பிக் கோபுரத்தோடு சண்டை போட்டுக்கொண்டு, வீட்டு முன்னால் இருந்த வேலிச் செடியை வெட்டிச் சிமெண்ட் போட்டால் குருவி எங்கே தங்கும்?

ஊர்ப் பறவையும் இந்த ஊர்ப் பறவையும்

நம்மில் பலருக்கு ஊரில் பறவைகளைப் பெயர் சொல்லி அழைக்கும் பழக்கம் உண்டு. இங்கே வந்ததும் எல்லாமே “சிடியா” ஆகிவிட்டது. பிள்ளைகளோ இந்திப் பெயரோ ஆங்கிலப் பெயரோதான் சொல்கிறார்கள். எண்ணும் பழக்கம் வந்தால் மூன்று மொழிப் பெயரும் தாமாக வந்துவிடும். ஊரில் கூட்டமாகச் சளசளக்கும் தவிட்டுக்குருவிக்கு இங்கே ஓர் உறவினர் உண்டு. அதுதான் பட்டியலில் சொன்ன காட்டுச் சிலம்பன். இந்திக்காரர்கள் அதற்கு “ஸாத் பாயி”, அதாவது ஏழு சகோதரர்கள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எப்போதும் ஏழெட்டாகவே திரிவதால் வந்த பெயர். பாட்டியும் பேத்தியும் சேர்ந்து எண்ணினால் பாட்டிக்கு இந்தியும் பேத்திக்குத் தமிழும் கொஞ்சம் வசப்படும்.

தில்லி ரயில் நிலையங்களில் பிளாட்பாரத்திலும் தண்டவாளத்திலும் பயமில்லாமல் நடமாடும் மைனாவைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல, நம் ஊர் மைனா அல்ல. நம் மைனா பழுப்பு உடம்பு. கண்ணைச் சுற்றி மஞ்சள். ரயிலடி மைனா சாம்பல் நீல உடம்பு. கண்ணைச் சுற்றிச் செங்கல் சிவப்பு. ஆங்கிலத்தில் இதற்குப் பேங்க் மைனா என்று பெயர். பணம் போடும் வங்கிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆற்றங்கரை மண்சுவரில் பொந்து குடைந்து கூடு கட்டுவதால் கரை மைனா என்ற பொருளில் வந்த பெயர். அடுத்த முறை ஜி.டி. எக்ஸ்பிரஸுக்கோ தமிழ்நாடு எக்ஸ்பிரஸுக்கோ காத்திருக்கும்போது கண்ணின் ஓரத்தைக் கவனியுங்கள். வண்டி தெற்கே போகப் போக இது காணாமல் போய், ஊர் நெருங்கும்போது மஞ்சள் கண் மைனா மட்டும் மிஞ்சும்.

வேறொரு பயணியும் உண்டு. தலையில் இரண்டு கறுப்புப் பட்டையுள்ள வரித்தலை வாத்து. மத்திய ஆசியாவிலும் லடாக்கிலும் குஞ்சு பொரித்து, இமயமலையைத் தாண்டி வந்து குளிர்காலத்தைக் கழிக்கிறது. தில்லியைச் சுற்றி யமுனை ஓரத்திலும் ஹரியானாவின் சுல்தான்பூரிலும் காணலாம். அதே இனம்தான் திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளத்துக்கும் போகிறது. இங்கே ஒருவரும் அங்கே ஒருவரும் எண்ணி ஒரே பதிவேட்டில் எழுதினால்தான் இதன் முழுக் கதை தெரியும்.

சில எச்சரிக்கைகள்

கூட்டின் அருகே போகாதீர்கள். பறவையை வரவழைக்கக் கைபேசியில் அதன் குரலைப் போடாதீர்கள். அது தன் எல்லையில் எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து அலைக்கழியும். புகைப்படத்துக்காகக் கல்லெறிந்து பறக்கவிடும் பிள்ளைகளைக் கண்டியுங்கள். ஓடும் ரயிலிலிருந்து பார்ப்பது சுவையானதுதான். ஆனால் நாக்பூர் முதல் விஜயவாடா வரை ஒரே பட்டியலில் அடைத்தால் எந்தப் பறவை எந்த ஊர் என்று தெரியாமல் போகும். ஓரிடத்தில் இறங்கி நின்று எண்ணுங்கள்.

ஒரு நாள் பட்டியலிலிருந்து பெரிய முடிவு எதுவும் செய்யாதீர்கள். இன்று மைனா 9, போன வாரம் 15 என்றால் மைனா அழிகிறது என்று பொருள் அல்ல. பக்கத்துப் பூங்காவில் புல் வெட்டியிருப்பார்கள், அங்கே போயிருக்கும். வருஷக் கணக்கில், பலர் கணக்கில் சேர்ந்தால்தான் போக்கு தெரியும். கணக்கு மட்டுமே பறவையைக் காப்பாற்றிவிடாது என்பதும் உண்மை. கழுகு விஷயத்திலும் எண்ணியவர்கள், மருத்துவர்கள், அரசு என்று பலரும் சேர்ந்துதான் தடை வந்தது. ஆனால் முதல் மணியை அடித்தது எண்ணியவர்களின் நோட்டுப் புத்தகம்.

நாம் செய்யக் கூடியது

நம் வீடுகளில் பெரியவர்கள் சாப்பிடும் முன் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைக்கிறார்கள். அடுக்குமாடிப் பால்கனியிலும் அந்த வழக்கத்தை விடாதவர்கள் பலர். யோசித்துப் பாருங்கள்: தினமும் ஒரே இடம், ஏறக்குறைய ஒரே நேரம். எண்ணும் பணிக்கு இதைவிட நல்ல அஸ்திவாரம் உண்டா? சோறு வைத்துவிட்டுக் கதவைச் சாத்தாமல் 15 நிமிடம் நின்று, வந்ததையும் அக்கம்பக்கத்தில் கண்டதையும் எல்லாம் எழுதினால் போதும். என் பேரன், “காக்காயைக் கூடவா தாத்தா எழுதணும்?” என்று கேட்டான். “காக்காயைத்தான்டா முதலில் எழுதணும்” என்றேன்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பிப்ரவரியில் வரும் நான்கு நாள் கணக்கெடுப்பின்போது, நம் குடும்பங்கள் ஒவ்வொன்றும் தத்தம் குடியிருப்பில் ஒரு பட்டியலாவது எடுக்கலாம். ராமகிருஷ்ணபுரத்திலிருந்தும் கரோல் பாகிலிருந்தும் துவாரகாவிலிருந்தும் மயூர் விஹாரிலிருந்தும் வரும் பட்டியல்களை அடுத்த இதழில் ஒரு பக்கத்தில் வெளியிடலாம். அடுத்த வருஷம் அதே இடம், அதே நேரம், மீண்டும் ஒரு பக்கம். ஐந்தாறு வருஷத்தில் அந்தப் பக்கங்களை அடுக்கிப் பார்த்தால் இந்நகரில் எது வந்தது, எது போனது என்று சொல்ல நம்மிடம் ஒரு சாட்சி இருக்கும். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனாலும் வழக்கத்தை விட வேண்டாம். நகரங்களிலிருந்து பட்டியல் குவிகிறது. கிராமத்துக் கண்மாயிலிருந்தும் புளியந்தோப்பிலிருந்தும் வருவது குறைவு. உங்கள் ஊர்ப் பட்டியல் ஒன்று, தில்லிப் பட்டியல் பத்துக்குச் சமம்.

பிழைப்புக்காக வந்த ஊரில் முப்பது, நாற்பது வருஷம் கழித்துவிட்டோம். இந்த ஊர் மரங்களில் யார் குடியிருக்கிறார்கள் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க இன்னும் காலம் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு இறங்குங்கள். முதல் வரியில் இடம், தேதி, நேரம். இரண்டாவது வரியில் காக்கை.